கிளிஞ்சல் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், கிரகப்பிரவேசத்துக்குப் போன என்னை கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பொடிப்பொடியாகக் கூழாங்கல். ஆனால் காலில் உருளவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடலை மிட்டாய் மாதிரி இருந்தது. ‘ரெசின் சார்! இப்பப் பாருங்க’ என்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினார். நாலு விநாடியில் காணோம்.

வித்தை ஒன்றுமில்லை. காய்ந்த பொடிக்கல்லை ரெசின் என்கிற செயற்கைப் பிசினோடு மிக்ஸரில் புரட்டி, ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கரணையால் தேய்த்துவிடுகிறார்கள். பிசின் ஒவ்வொரு கல்லையும் மெல்லிசாகப் போர்த்துகிறதே தவிர, இடைவெளியை அடைப்பதில்லை. அந்தச் சந்துகள் வழியே தண்ணீர் இறங்கிவிடும். அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘கான்கிரீட்’ என்றார். அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று சாப்பிடப் போய்விட்டேன்.

இந்த வித்தையை நான் பழவேற்காட்டில் காசில்லாமல் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வங்காள விரிகுடா, நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு, அதன் மேல் மீனவக் குப்பங்கள். தெரு என்றால் மணல்தான். பெய்கிற மழையெல்லாம் அப்படியே உள்ளே போய்விடும். உப்புத்தண்ணீரை விட நல்ல தண்ணீர் லேசு. அதனால் மணலுக்குள் இறங்கிய மழை, அடியிலிருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஆழமில்லாத ஊற்றுக் கிணற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பது இதனால்தான். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும்.

சரி, மணல் இருக்கட்டும். ரெசின் வருவதற்கு முன்னால், ஏன், சிமென்ட் வருவதற்கும் முன்னால் நம் ஊரில் கல்லையும் மணலையும் ஒட்டிவைத்தது எது? சுண்ணாம்பு. சென்னைப் பக்கம் அதிலும் ஒசத்தி, கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரியின் அடியில் கிடப்பது அந்தக் கிளிஞ்சல்தான். இன்று நேற்று செத்த மட்டியின் ஓடு மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சேறுக்குள் புதைந்து படுகை படுகையாகச் சேர்ந்தது.

டச்சுக்காரர்கள் 1610-ல் இங்கே கடை விரித்தார்கள். 1612-ல் சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் வந்து அடித்து நொறுக்க, அடுத்த வருடமே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 வரை அதுதான் தலைநகரம். துணி ஏற்றினார்கள். வெட்கமில்லாமல் அடிமைகளையும் ஏற்றினார்கள். இன்றைக்குக் கோட்டை வெறும் மேடு, புதர், அகழி. எதிரே இருக்கும் கல்லறைத் தோட்டம் மட்டும் பிழைத்திருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கும். உள்ளே போனால் கல்வெட்டை விட்டுவிட்டுக் காரையைப் பாருங்கள். அத்தனை வருட உப்புக்காற்றிலும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எப்படி நிற்கிறது? நான் பி.காம். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காளவாயில் நூறு கிலோ சுத்தமான கிளிஞ்சலைப் போட்டு, ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் ஐம்பத்தாறு கிலோதான் மிஞ்சும். மீதி நாற்பத்து நாலு கிலோ கரியமிலவாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீறாகும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து இழந்த கரியமிலவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வசூல் பண்ணும். வசூல் முடிந்தால்? மறுபடியும் கிளிஞ்சல் எதனாலானதோ அதுவேதான்! இவ்வளவு அழகாக டேலி ஆகிற கணக்கை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

மதராஸ் வளர வளர கிளிஞ்சலுக்குக் கிராக்கி. 1801-ல் ஆரம்பித்து எண்ணூர் வரை வெட்டிய காக்ரேன் கால்வாய், பிறகு பழவேற்காட்டை எட்டியது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதை மேலும் நீட்டி, பக்கிங்ஹாம் என்று கவர்னர் பெயரை வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும் கிளிஞ்சலும் படகு படகாகப் பட்டணம் போயின. அங்கே கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, செங்கல் ஜல்லியோடு மொட்டைமாடியில் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். அதுதான் மதராஸ் டெரஸ் மேல் போட்ட தளம். துரைமார் வீட்டுத் தூணுக்கு இன்னும் ராஜ உபசாரம். முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். சலவைக்கல்லோ என்று வெள்ளைக்காரர்களே ஏமாந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1904-ல் வண்ணாரப்பேட்டையில் சிமென்ட் தொழிற்சாலை ஆரம்பித்தவர்கள் மூலப்பொருளாக எடுத்ததும் கடல் கிளிஞ்சலைத்தான். ஓடவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் சிமென்ட் நிலைத்தது. அதற்கப்புறம் சுண்ணாம்பு மெல்ல மெல்ல வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் என்று ஆனது. கிளிஞ்சல் கோழித் தீவனத்துக்கும் போனது.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை முரண்டு பிடிக்கிறது. மீன், வருமானம். அளவாகப் பிடித்தால் அடுத்த வருடமும் வரும். கிளிஞ்சல் படுகையோ மூலதனம். நாம் அதை வருமானமாக எழுதிச் செலவழித்துவிட்டோம். குப்பத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றுக்கும் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. இறால் கிடைக்கிற நல்ல இடத்தில் இன்று யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முறைக்குள் வராதவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அது தனிக்கதை. ஆனால் தண்ணீருக்குள் ஓடுகிற இறாலுக்குக் கணக்கு வைத்தார்கள். ஓடாமல் அடியில் கிடந்ததைப் பட்டணம் கணக்கில்லாமல் வாரிக்கொண்டது.

பட்டணத்துக்குப் பசையைக் கொடுத்த ஊருக்கு, இப்போது பட்டணத்தின் பசை திரும்பி வருகிறது. குப்பத்துத் தெருக்களில் சிமென்ட் சாலை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஏப்ரல் மத்தியானம், கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு வெந்த மணலில் நடப்பது நானில்லை. ஆனால் அந்த வழியாக இறங்கிக்கொண்டிருந்த மழை இனிமேல் வழிந்து ஏரிக்கு ஓடும். ஊற்றுக்குப் போகாது. ஆள் நடக்க, ஒரு ஆட்டோ போக எத்தனை அடி வேண்டும்? அதை மட்டும் போட்டுவிட்டு, இரண்டு ஓரத்தையும் மணலாகவே விடச் சொல்லலாம். அடுத்த கிராமசபையில் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.