மின்ஒயர் அறுபடல்: சமையலறைக் கருவிகள்

மிக்சி, கிரைண்டர் போன்ற கருவிகளின் மின்ஒயர் பெரும்பாலும் பிளக்கின் கழுத்திலோ, கருவிக்குள் நுழையும் இடத்திலோதான் அறுபடுகிறது. இந்திய வீடுகளில் 230 வோல்ட் மின்சாரம் வருவதால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே ஒயரைத் தொட வேண்டும்.

பிளக் அருகே அறுந்திருந்தால் சேதமான பகுதியை வெட்டிவிட்டுப் புதிய மூன்று முள் பிளக் பொருத்தலாம். பழுப்பு ஒயர் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய ஒயர்களில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. பேஸும் நியூட்ரலும் ‘எல்’, ‘என்’ என்று பொறித்த முட்களுக்கும், எர்த் பெரிய முள்ளுக்கும் செல்லும். எர்த் ஒயரைச் சற்று நீளமாக விடுவது வழக்கம்: ஒயர் இழுபட்டால் மற்ற இரண்டும் கழன்ற பிறகே அது கழலும். செம்பு இழைகளை முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நீட்டாதபடி திருகை இறுக்க வேண்டும். பிளக்கின் பிடிப்பான் கவ்வ வேண்டியது ஒயரின் மேலுறையை, உள் ஒயர்களை அல்ல.

நடுவில் அறுந்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது பரவலான பழக்கம். ஈரமும் எண்ணெயும் படும் சமையலறையில் அது ஆபத்தானது. அதே தடிமனுள்ள ஒயரை முழுதாக மாற்றுவதே சரி. அதற்குக் கருவியைத் திறக்க வேண்டும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது.