காங்கேசன்துறை: சுண்ணக்கல்லில் எழுந்த தொழில்நகர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவை நோக்கி நிற்கும் காங்கேசன்துறை, 1950ஆம் ஆண்டில் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டதோடு, துறைமுக ஊர் என்ற நிலையிலிருந்து தொழில்நகராக வளர்ந்தது. அன்று கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வாலை, குடாநாட்டின் அடித்தளமான மயோசின் காலச் சுண்ணக்கல்லை, அதாவது கடலடிப் படிவுகள் இறுகித் தோன்றிய பாறையை, அகழ்ந்தெடுத்து, மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து தருவிக்கப்பட்ட களிமண்ணோடு கலந்து சூளையிற் சுட்டது. கிணறுகளுக்கு ஊறும் நன்னீரைத் தேக்கிவைப்பதும் அதே பாறையே. ஆதலால், ஆலை தந்த வேலைவாய்ப்பை மட்டும் எண்ணி அகழ்வின் விலையை மறப்பது வரலாற்றைப் பாதியாகப் படிப்பதாகும். 1990இல் உள்நாட்டுப் போரினால் ஆலை மூடப்பட, சூழவிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போர் முடிந்த பின், காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் இந்தியாவின் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பற்சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கியது.