ராணி எறும்புக்கு ஒரு வீடு... டைல்ஸ் கிரௌட், பி.ஓ.பி-யில் நீங்களே செய்யலாம்!

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் என்ன செய்வோம்? டப்பாவைத் தூக்கி வெயிலில் வைப்போம். அதே எறும்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, வேளாவேளைக்குத் தேன் தண்ணீர் கொடுத்து வளர்க்கிறவர்களைப் பார்த்தால், 'வேற வேலையே இல்லையாப்பா?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால், ராணி எறும்பு முட்டைகளைப் புரட்டி நக்கிக்கொண்டிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் நீங்களே ரீல்ஸை மறந்துவிடுவீர்கள்.

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால், நடுவில் தமிழ்நாடு வந்து, மறுபடியும் புதுச்சேரியாக மாறும் இடம் காலாப்பட்டு. கிழக்கே கடல், மேற்கே செம்மண். நடுவில் 1985-ல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் பசுமையான வளாகம். இந்தப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த மாலையில் தெருவிளக்கைப் பாருங்கள். ஈசல்களுக்கு நடுவே சிறகு முளைத்த எறும்புகளும் பறக்கும். உங்கள் கதையின் நாயகி அங்கேதான் இருக்கிறாள்.

பிரான்ஸில் பிறந்த ஐடியா

இது யூடியூப் காலத்துப் பொழுதுபோக்கு இல்லை. சார்லஸ் ஜானே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1890-களிலேயே ஜிப்சம் பிளாஸ்டரில் அறைகள் வார்த்து, மேலே கண்ணாடி மூடி எறும்பு வளர்த்தார். அவர் கண்டுபிடித்த சூட்சுமம் எளிமையானது: கூட்டின் ஒரு முனையில் தண்ணீர் விட வேண்டும். பிளாஸ்டர் அதை உறிஞ்சும். ஒரு பக்கம் ஈரமாகவும், போகப்போக காய்ந்தும் இருக்கும். எந்த அறை முட்டைக்கு, எந்த அறை புழுவுக்கு என்பதை எறும்புகளே முடிவுசெய்துகொள்ளும். அழகான கூடு என்பதைவிட, ஈரத்தைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுக்கும் கூடுதான் நல்ல கூடு.

முதலில் ராணி, அப்புறம்தான் வீடு

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆசையாகப் பெரிய கூடு செய்து, ஒற்றை ராணியை உள்ளே விட்டு, ஒரு மாதத்தில் சாகடித்துவிடுவார்கள்.

ஈசலுக்கு இடுப்பு கிடையாது. நான்கு சிறகும் ஒரே அளவு. எறும்புக்கு ஒட்டிய இடுப்பு, முழங்கைபோல மடிந்த உணர்கொம்பு, பின்சிறகைவிடப் பெரிய முன்சிறகு. சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக ஓடும் பருத்த எறும்பு கிடைத்தால், அது பெரும்பாலும் ராணிதான். ஒன்று போதும். புற்றைத் தோண்டி ராணியை எடுக்காதீர்கள். மொத்தக் குடும்பமும் அழியும்.

புதியவர்களுக்குக் கறுப்புக் கட்டெறும்பு சரியான தேர்வு. கடிக்கும், ஆனால் கொட்டாது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, பிளாஸ்டர் வீட்டுக்கு ஒத்துவராது.

ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். கட்டெறும்பு ராணிக்குச் சாப்பாடு வேண்டாம். இனி தேவைப்படாத சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குழந்தைகளை வளர்த்துவிடும். முதல் வேலைக்கார எறும்பு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தினமும் எடுத்து ஆட்டிப் பார்த்தால் பயத்தில் தன் முட்டையையே தின்றுவிடும். வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள், போதும்.

எதில் வார்ப்பது?

*பி.ஓ.பி:* விலை குறைவு, அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் ஈரமாகவே இருந்தால் கட்டெறும்பு சுரண்டிச் சுரங்கம் போட்டுவிடும். கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சையும் சீக்கிரம் வரும்.

*டைல்ஸ் கிரௌட்:* சிமென்ட் கலந்த சாதா கிரௌட் வாங்குங்கள். எபாக்ஸி கிரௌட் தண்ணீரை உறிஞ்சாது. பி.ஓ.பி-யைவிடக் கடினம், எறும்பால் எளிதில் தோண்ட முடியாது. தண்ணீர் அதிகமானால் காயும்போது வெடிக்கும். சிமென்ட்டில் காரத்தன்மை இருப்பதால், இறுகிய பிறகு ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

*ஏ.ஏ.சி பிளாக்:* கட்டடம் நடக்கும் இடத்தில் உடைந்த துண்டு கேட்டாலே கிடைக்கும். வார்க்க வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரால் குடைந்தாலே போதும். நன்றாக உறிஞ்சும்.

செய்முறை

1. தட்டையான அடிப்பாகம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் லேசாக வாஸ்லின் தடவுங்கள்.

2. குழந்தைகள் விளையாடும் கிளேயை ஒரு செ.மீ உயரத்துக்கு அறை அறையாக அடியில் ஒட்டுங்கள். மெல்லிய கிளே திரிகளால் அறைகளை இணையுங்கள். ஒரு திரி டப்பாவின் சுவர்வரை போகட்டும், அதுதான் வாசல்.

3. ஓரமாக, எந்த அறையையும் தொடாமல் ஓர் உருண்டை வையுங்கள். அதுதான் தண்ணீர்க் குழி.

4. தண்ணீரில் பவுடரைக் கொட்டிக் கலக்குங்கள். பி.ஓ.பி என்றால் தோசை மாவு பதம், கிரௌட் என்றால் பஜ்ஜி மாவு பதம். ஊற்றி, காற்றுக்குமிழி போக டப்பாவைத் தட்டுங்கள். மாஸ்க், கையுறை கட்டாயம். பி.ஓ.பி இறுகும்போது சூடாகும், கையை உள்ளே வைக்காதீர்கள். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் பிளம்பருக்குத்தான் போன் போட வேண்டும்.

5. பி.ஓ.பி-யை ஒரு மணி நேரம், கிரௌட்டை ஒரு நாள் கழித்துக் கவிழ்த்து எடுங்கள். கிளேயைச் சுரண்டிவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள்.

6. அறைகளின் மேல் கண்ணாடி அல்லது அக்ரிலிக் வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். தண்ணீர்க் குழியை மட்டும் மூடாதீர்கள்.

வாசலில் ஒரு ட்யூப் மாட்டி, இன்னொரு டப்பாவோடு இணையுங்கள். அதுதான் சாப்பாட்டு அறை. டால்கம் பவுடரைச் சானிடைசரில் குழைத்து அதன் மேல்விளிம்பில் பூசினால் எறும்பு ஏறாமல் வழுக்கும். காலாப்பட்டுப் புழுக்கத்தில் இது சீக்கிரம் உதிரும். மூடியும் போட்டு, அதில் ஊசித்துளைகள் இடுங்கள்.

இருபது வேலைக்கார எறும்புகளாவது சேர்ந்த பிறகு குடியேற்றுங்கள். குழியில் சில நாளுக்கு ஒருமுறை சில சொட்டுத் தண்ணீர், சாப்பாட்டு அறையில் தேன் தண்ணீரும் சின்னப் பூச்சித் துண்டும் போதும். மருந்தடித்துச் செத்த கரப்பானை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க!

வெளியூர் எறும்பை ஆன்லைனில் வாங்கவும் வேண்டாம், அலுத்துப்போனதும் வெளியே விடவும் வேண்டாம். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகி, ஆடு மாடுகளையும் விவசாயிகளையும் பாடாய்ப் படுத்தியது நினைவிருக்கிறதா? இடம் மாறிய எறும்பு என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் தெருவில் பிடித்த ராணியின் குடும்பம் என்றால், பிடித்த இடத்திலேயே திருப்பி விடலாம்.

ராணி நல்லபடியாக இருந்தால் பல வருடங்கள் வாழும். காலேஜ் முதல் வருடம் பிடித்த ராணி, நீங்கள் வேலைக்குப் போன பிறகும் முட்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் கிரௌட் வாங்குவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: அத்தனை வருடமும் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற நான் இருப்பேனா?

'இருப்பேன்' என்றால், அடுத்த மழைக்கு டார்ச்சோடு தெருவிளக்கடிக்குக் கிளம்புங்கள்!