சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: மோட்டார் சைக்கிள் பந்தய வகுப்புகள்

மதுரை, மேலூர், சிவகங்கை வட்டாரங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு வகுப்புப் பிரிவை விளக்க வேண்டியதில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்தே வண்டிகளை விடுவர். ஒவ்வொரு பிரிவுக்கும் தூரம் வேறு, பரிசு வேறு. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால் அது பந்தயமே ஆகாது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இப்பிரிவுக்கு அடிப்படையாக இருப்பது எஞ்சினின் கொள்ளளவு, அதாவது சிசி ஆகும்.

தமிழகத்தில் இப்பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே பயனின்றிக் கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்களை நடத்தியது. விமானத்துக்காகப் போடப்பட்ட தளம் என்பதால் நேர்ப்பாதை நீளம். நேர்ப்பாதையில் பெரிய எஞ்சினைச் சிறிய எஞ்சின் பிடிக்க முடியாது. எனவே வகுப்புப் பிரிவு அங்கே தவிர்க்க முடியாததாயிற்று.

இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. 350 சிசி புல்லட், 250 சிசி ஜாவா, 175 சிசி ராஜ்தூத் என உள்நாட்டில் கிடைத்த வண்டிகள் சிலவே. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த வண்டி இது. மதுரைக் கடைவீதிகளில் மூட்டை சுமந்த அந்த வண்டியின் இனம் பந்தயத்திலும் ஓடியது என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். டி.வி.எஸ். நிறுவனம் 1982இல் தனிப் பந்தய அணியையே அமைத்தது. 1984இல் இந்த்-சுசுகி, 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தபின் 100 சிசி வகுப்புக்கு உயிர் வந்தது.

இங்கேதான் சிக்கலும் தொடங்கியது. இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். சிலிண்டரின் துளைகளை அரத்தால் ராவி, சைலன்சரை மாற்றினால் அதே 100 சிசி வேறு வேகத்தில் போகும். கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பட்டறையிலேயே இதைச் செய்துவிடுவார். கொள்ளளவு மட்டும் சமன்பாட்டுக்குப் போதாது என்பது இதனால் விளங்கும். ஆகவே நிறுவனம் விற்றபடியே உள்ள ஸ்டாக் வண்டி, மாற்றம் செய்த வண்டி என்ற இரண்டாவது பிரிவு தேவைப்படுகிறது. ஐயம் எழுந்தால் பந்தயம் முடிந்தபின் எஞ்சினைப் பிரித்து அளப்பர். விதி மீறியிருந்தால் வென்றவரும் நீக்கப்படுவார்.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். வளைவில் ஓட்டுநரின் திறமைக்கு மதிப்பு கூடுகிறது. முதலில் தகுதிச்சுற்று, அதில் குறைந்த நேரத்தில் சுற்றியவர் முன்வரிசையில் நிற்பார். பின்னர் சில சுற்றுகள் மட்டுமே கொண்ட குறும்பந்தயம்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் மறைந்தன. இன்று முக்கியமானது ஃபோர் ஸ்ட்ரோக் 165 சிசி வகுப்பு; கடைகளில் விற்கும் 150, 160 சிசி வண்டிகள் இதில் அடங்கும். அதற்கு மேல் 301 முதல் 400 சிசி வரை ஒரு வகுப்பு. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பந்தயங்கள் உண்டு.

இவற்றோடு ஒரே வகை வண்டிப் பந்தயமும் வளர்ந்துள்ளது. நிறுவனமே ஒரே மாதிரி வண்டிகளைத் தரும். வசதியில்லாத இளைஞருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் சொந்த வண்டியைத் தயாரித்துக் கொண்டுவரும் பட்டறை மெக்கானிக்குக்கு இதில் இடமில்லை. இது இழப்பே.

இத்தகைய உள்நாட்டு வகுப்புகளில் ஓட்டிய சென்னை வீரர் சரத்குமார், 2011இல் உலக சாம்பியன்ஷிப்பின் 125 சிசி வகுப்பில் பங்கேற்றார். மறு ஆண்டே அந்த டூ ஸ்ட்ரோக் வகுப்பு நீக்கப்பட்டு, 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வகுப்பு வந்தது.

மதுரை இளைஞருக்கு அருகிலுள்ள பந்தயத் தடம் கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே. அதுவே 200 கி.மீ.க்கு மேல். முகப்பு விளக்கும் கண்ணாடியும் கழற்றப்பட்ட பந்தய வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது. வேன் பிடித்து ஏற்றிச் செல்ல வேண்டும். நுழைவுக் கட்டணம், டயர், தலைக்கவசம், தோல் உடை ஆகியவற்றின் செலவு இதற்குப் பின்னர்தான்.