மேடை இறங்கிய பின் எழுதியவை

தமிழ் நாடக மேடைக்கு அந்தமான் ஒரு காலத்தில் கைதியின் தீவு. கு.சா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ‘அந்தமான் கைதி’யை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள், 1952இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகவும் வந்தது. ஆனால் அந்த நாடகம் மேடையில் எப்படி இருந்தது, எந்த இடத்தில் சபை கலங்கியது என்பதெல்லாம் அச்சான வசனத்தில் அகப்படாது. அதற்கு நாடகக்காரர் தம் கைப்பட எழுதிய நினைவுகள் வேண்டும். அந்த வகையில் தமிழுக்கு வாய்த்த முதற்பெருஞ்செல்வம் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’.

1873இல் பிறந்து 1964 வரை வாழ்ந்தவர் அவர். வக்கீல், சில ஆண்டுகள் நீதிபதி. ‘மனோகரா’, ‘சபாபதி’, ஹாம்லெட்டைத் தழுவிய ‘அமலாதித்தன்’ என்று அவர் எழுதிய நாடகங்கள் ஏராளம். எனினும், இன்று உயிர்ப்புடன் படிக்க முடிவது நாடகங்களைவிட அந்த நினைவுகளைத்தான் என்பது என் துணிபு. ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்து ஆறு பாகங்களாக நூலுருப் பெற்றவை அவை. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது.

இளமையில் தமக்குத் தமிழ் நாடகம் பிடிக்காது என்பதை அவர் மறைக்கவில்லை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகத்தைச் சென்னையில் பார்த்ததுதான் அவர் மனத்தை மாற்றியது. அந்த ஜூலையிலேயே நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். கூத்தாடி என்று ஏளனம் செய்த ஊரில் படித்தவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூசினார்கள். பின்னாளில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அச்சபையில் நடித்தார். ஒத்திகைகளும், சபையின் ஏற்ற இறக்கங்களும், தமக்கு எதிரே பெண்வேடமிட்டு நெடுங்காலம் நடித்த ரங்கவடிவேலுவின் நட்பும் அந்தப் பக்கங்களில் நிறைந்து கிடக்கின்றன. நண்பரின் மறைவுக்காக அவர் பட்ட துயரம் நாடக வரலாறு என்ற எல்லையைத் தாண்டி நம்மைத் தொடுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தொழில்முறை மேடைக்கே ஆசான் அவர்; தம்மைப் பற்றி இப்படியொரு நூலை எழுதி வைக்கவில்லை. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது போன்ற செய்திகள், 1918இல் சிறுவனாக அவரிடம் சேர்ந்த டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் எழுதியதால் நம்மிடம் நிற்கின்றன. சீடர் எழுதாமல் போயிருந்தால்?

சம்பந்த முதலியாரின் சபை 1911இல் இலங்கைக்குப் போய் நடித்தது. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் அங்கே இலங்கை சுபோத விலாச சபையோடு வளர்ந்து, முதுமையில் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ எழுதினார். நாடகத்தோடு, அதைப் பதிவுசெய்யும் வழக்கமும் கடல் கடந்திருக்கிறது.

அந்தமானுக்கும் அது வரவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாட்டின் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இலங்கையின் மலையகத் தோட்டங்களோ காமன் கூத்துக்குப் பேர்போனவை. அந்தக் கூத்து இவர்களோடு கப்பலேறியதா, ஏறியிருந்தால் இங்கே யார் ஆடினார்கள் என்பதை முதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2004 ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியபின் கேட்பதற்கு மிஞ்சியவர்கள் குறைவு. ஆகவே வேடம் கட்டியவர்களும், திரை இழுத்தவர்களும், நாடகம் எழுதிய ஆசிரியர்களும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கட்டும்: எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, ராஜபார்ட் யார், ஆர்மோனியம் யார், பாட்டுக் கட்டியது யார், நடுவில் மழை வந்து நின்றுபோன இரவு எது. இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும் எழுதலாம். சண்முகம் தம் ஆசானுக்குச் செய்தது அதுதான்.