துப்பாக்கித் தொலைநோக்கி

துப்பாக்கித் தொலைநோக்கி (பேச்சு வழக்கில் ஸ்கோப்) என்பது துப்பாக்கிக் குழலுக்கு மேல் பொருத்தப்பட்டு, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டவும் குறி பார்க்கவும் பயன்படும் ஒளியியல் கருவி ஆகும். வேட்டை, படைத்துறை, விளையாட்டு ஆகிய மூன்று துறைகளிலும் இது பயன்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை இலக்குச் சுடுதலுக்காகக் காற்றுத் துப்பாக்கிகளில் (ஏர் ரைபிள்) பொருத்தப்படும் விலை குறைந்த தொலைநோக்கிகளை விளக்குகின்றது. இவ்வகைக் கருவியின் தரத்தை உருப்பெருக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒருமுறை சரிசெய்யப்பட்ட குறி, பல நூறு முறை சுட்ட பின்னரும் மாறாமல் நிற்பதே நம்பகத்தன்மையின் முதன்மையான அளவுகோலாகும்.

வரலாறு

துப்பாக்கிக்கான தொலைநோக்கிகள் 1835க்கும் 1840க்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானதாகக் கருதப்படுகின்றது. அமெரிக்காவைச் சேர்ந்த மோர்கன் ஜேம்ஸ் செய்த தொலைநோக்கியை ஜான் சாப்மன் 1844 இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். 1855 முதல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் வில்லியம் மால்கம் இவற்றைத் தயாரித்தார். வில்லைகளில் ஈரம் படிந்து மங்குவது நீண்ட காலம் ஒரு குறையாக இருந்தது. 1947 இல் அமெரிக்காவின் லியூபோல்டு நிறுவனம் குழாயினுள் நைட்ரசன் வளிமத்தை நிரப்பி மூடும் முறையைக் கையாண்டது. இன்று விலை குறைந்த கருவிகளிலும் இம்முறை பரவலாகக் காணப்படுகின்றது.

அமைப்பு

இலக்கை நோக்கி இருப்பது பொருளருகு வில்லை. கண்ணை ஒட்டி இருப்பது கண்ணருகு வில்லை. பொருளருகு வில்லை தலைகீழான பிம்பத்தை உண்டாக்குவதால், அதை நேராக்க இடையில் நிமிர்த்து வில்லைகள் ஓர் உட்குழாயில் அமைக்கப்படுகின்றன. குறி பார்ப்பதற்கான குறுக்குக் கம்பிகள் பிம்பம் விழும் தளத்தில் அமைகின்றன.

மேலும் பக்கவாட்டிலும் உள்ள திருகுகள் இந்த உட்குழாயைத் தள்ளுகின்றன. எதிர்ப்புறம் உள்ள ஒரு வில்சுருள் அதைத் திருகோடு அழுத்திப் பிடிக்கின்றது. மலிவான கருவிகளில் இந்த வில்சுருள் வலுவற்றதாக இருந்தால், உட்குழாய் ஒவ்வோர் அதிர்வுக்கும் சிறிது நகர்ந்து குறி மாறிவிடும். வெளித்தோற்றத்தைக் கொண்டோ வில்லையின் தெளிவைக் கொண்டோ இக்குறையைக் கண்டறிய இயலாது.

எண்களின் பொருள்

4×32 என்பதில் 4 என்பது உருப்பெருக்கம். 32 என்பது பொருளருகு வில்லையின் விட்டம் (மிமீ). 3-9×40 என்பது உருப்பெருக்கத்தை 3 முதல் 9 வரை மாற்றத்தக்க, 40 மிமீ வில்லை கொண்ட கருவியைக் குறிக்கும். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 4×32 கருவியில் இது 8 மிமீ. 3-9×40 கருவியை 9 மடங்கில் வைத்தால் ஏறத்தாழ 4.4 மிமீ. ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் கண்ணை வைக்கும் இடம் சற்று விலகினாலும் காட்சி மறையாது. எனவே தொடக்க நிலையினருக்குக் குறைந்த உருப்பெருக்கம் வசதியானது.

திருகின் ஒவ்வொரு சொடுக்கும் பெரும்பாலும் கால் கோண நிமிடம் ஆகும். ஒரு கோண நிமிடம் என்பது ஒரு பாகையின் 60 இல் ஒரு பங்கு. இதன்படி ஒரு சொடுக்குக்குக் குறி நகரும் அளவு வருமாறு:

* 10 மீட்டரில் ஏறத்தாழ 0.7 மிமீ
* 25 மீட்டரில் ஏறத்தாழ 1.8 மிமீ
* 50 மீட்டரில் ஏறத்தாழ 3.6 மிமீ

இடமாறு தோற்றப்பிழை

குறுக்குக் கம்பிகளும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் அமையாவிட்டால், கண் அசையும்போது குறியும் அசைவதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றப்பிழை. பெரிய துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகள் பல, 100 கெச (சுமார் 91 மீட்டர்) தொலைவில் இப்பிழை இல்லாதவாறு நிலையாக அமைக்கப்படுகின்றன. அத்தகைய 32 மிமீ கருவியைக் கொண்டு 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்கு விலகும்போது பிழை 14 மிமீ வரை செல்லக்கூடும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இலக்கில் பத்துப் புள்ளிக்கான நடுப்பகுதியின் விட்டம் 0.5 மிமீ மட்டுமே என்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆகவே 10 கெச (சுமார் 9 மீட்டர்) தொலைவு வரை சரிசெய்யும் வளையமோ பக்கத் திருகோ உள்ள கருவியே காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது.

பின்னுதைப்பும் முன்னுதைப்பும்

வெடிமருந்துத் துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி மட்டுமே உதைக்கும். வில்சுருள் விசையால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில் உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கின்றது. தண்டு உருளையின் முனையை அடைந்து நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகின்றது. பின்னுதைப்பை மட்டும் கருதிச் செய்யப்பட்ட தொலைநோக்கியின் வில்லைகளும் கம்பிகளும் இந்த எதிர்த்திசை அதிர்வால் தளர்ந்துவிடும். வெடிமருந்துத் துப்பாக்கியில் நன்கு இயங்கிய விலையுயர்ந்த தொலைநோக்கியும் வில்சுருள் துப்பாக்கியில் பழுதடைவதற்கு இதுவே காரணம். வாங்கும்போது, வில்சுருள் காற்றுத் துப்பாக்கிக்கு உகந்தது எனத் தயாரிப்பாளர் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கின்றாரா என்று பார்க்க வேண்டும். முன்னரே அழுத்தப்பட்ட காற்றுக் கலன் கொண்ட துப்பாக்கிகளில் உதைப்பு மிகக் குறைவு. அவற்றில் எளிய கருவிகளும் நீடித்து உழைக்கும்.

போட்டி விதிகள்

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. போட்டியாளர்கள் துளைக் குறியையே (பீப் சைட்) பயன்படுத்துகின்றனர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், 1983 இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டனில் வென்ற வெண்கலமும் இவ்வாறு தொலைநோக்கி இன்றிப் பெற்றவையே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவைச் சேர்ந்தவர். எனவே இப்பிரிவில் போட்டியிட விரும்பும் மாணவர் தமது பணத்தைத் தொலைநோக்கிக்குச் செலவிடுவது வீண். நல்ல துளைக் குறிக்குச் செலவிடுவதே பயனுள்ளது.

களஇலக்குச் சுடுதல் (பீல்டு டார்கெட்), மேசைத்தாங்கிச் சுடுதல் (பெஞ்ச்ரெஸ்ட்) ஆகியவற்றில் தொலைநோக்கி இயல்பான கருவியாகும். பொழுதுபோக்காகச் சுடுபவர்களும் இதை விரும்புகின்றனர்.

குறைந்த செலவில் தேர்ந்தெடுத்தல்

* ஒரே விலையில் கிடைக்கும் இரண்டில், உருப்பெருக்கம் மாறாத கருவியில் நகரும் பாகங்கள் குறைவு. எனவே பழுதுக்கான வாய்ப்பும் குறைவு.
* 50 மிமீ வில்லை, வண்ண விளக்கு போன்றவை விலையையும் எடையையும் கூட்டும். பகல் நேர இலக்குச் சுடுதலுக்கு இவை இன்றியமையாதவை அல்ல.
* பிடிவளையங்களுக்கும் (மவுண்ட்) பணம் ஒதுக்க வேண்டும். அவை தளர்ந்தால் எந்தத் தொலைநோக்கியும் குறியைக் காக்காது. வில்சுருள் துப்பாக்கிக்கு, பின்னால் நழுவாமல் தடுக்கும் முளை உள்ள வளையம் தேவை.
* குழாயின் விட்டமும் (25.4 அல்லது 30 மிமீ), துப்பாக்கியின் மேல் உள்ள தண்டவாளத்தின் அகலமும் வளையத்தோடு பொருந்த வேண்டும்.
* புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் விற்கப்படுவதால், பழுதுநீக்க உறுதியும் விலைச்சீட்டும் தரும் விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது.

சோதித்தல்

துப்பாக்கியை மணல்மூட்டையின் மேல் தாங்கி, 25 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். பின்னர் அதே புள்ளியைக் குறிபார்த்தவாறே திருகுகளை வலம், கீழ், இடம், மேல் என்ற வரிசையில் 20 சொடுக்குகள் வீதம் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். கால் கோண நிமிடக் கருவியில் ஏறத்தாழ 36 மிமீ பக்கம் கொண்ட சதுரம் உருவாகி, கடைசித் தொகுதி முதல் தொகுதியின் மேல் விழ வேண்டும். அவ்வாறு விழாவிட்டால் உட்குழாயோ பிடிவளையமோ நிலையாக இல்லை எனக் கொள்ளலாம். சில நாட்கள் கழித்துத் திருகைத் தொடாமல் மீண்டும் சுட்டுப் பார்ப்பதும் தேவை. திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இச்சோதனையைச் செய்துவிட வேண்டும்.

தட்பவெப்பத்தின் தாக்கம்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைகளின் வடபுறச் சமவெளியில் ஒட்டன்சத்திரம் அமைந்துள்ளது. அதே மலைத்தொடரின் மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் உள்ளது. ஒரே கருவி இரண்டு இடங்களிலும் வெவ்வேறு சோதனைகளுக்கு உள்ளாகும். சமவெளியில் நண்பகல் வெப்பத்தால் தரைக்கு அருகில் காற்று அலைபாய்வதால் பிம்பம் நடுங்கும். உருப்பெருக்கம் கூடினால் இந்த நடுக்கமும் பெரிதாகவே தெரியும். இதனால் காலை வேளையும் குறைந்த உருப்பெருக்கமும் சிறந்தவை. 1899 இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உயரமான இடத்தில் அமைந்திருப்பதன் பின்னணியிலும் காற்றின் தெளிவு என்னும் இதே தேவை உள்ளது.

மலையில் மூடுபனியும் குளிரும் வில்லைகளை மங்கச் செய்யும். குழாய்க்குள் ஈரம் படிந்தால் முத்திரை பழுதடைந்துள்ளது என்பது பொருள். மேலும் அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 10 மீட்டரில் இதன் விளைவு சிறிதே. 50 மீட்டரில் குறியை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

ஆயுத விதிகள், 2016 இன்படி, 4.5 மிமீ (.177) குழல்விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் உரிமம் தேவையில்லை என்பது உயிரினங்களைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. ஒட்டன்சத்திரம் வட்டாரம் போன்ற வேளாண் பகுதிகளில் பயிரை மேயும் மயில், வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. பழனி மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013 இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் மனிதர்களையோ வீடுகளையோ பார்க்கக் கூடாது. பார்க்கும் திசையிலேயே குழலும் நீட்டப்பட்டிருக்கும். சூரியனை நோக்கினால் கண்பார்வை நிலையாகக் கெடும். இலக்கின் பின்னால் குண்டைத் தடுக்கும் மண்மேடோ தடுப்போ இருப்பதை உறுதி செய்த பின்னரே சுட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* காற்றுத் துப்பாக்கி
* இடமாறு தோற்றப்பிழை
* கொடைக்கானல் சூரிய ஆய்வகம்