நத்தை எந்தப் பக்கம் திரும்பும்?

அப்பா முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார். உள்ளே சின்னச் சின்ன காந்தங்கள் வைத்துத் தைத்தது. அதைக் கட்டிய நாளிலிருந்து டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை நிறுத்திவிட்டார். குரோம்பேட்டை ஸ்டேஷன் படியேறும்போது கேட்டால், "நத்தை மூளைக்கே காந்தம் வேலை செய்யுதாம்டா, எனக்குச் செய்யாதா?" என்பார். வாட்ஸப் தந்த ஞானம். மறுத்துப் பேசத்தான் தேட ஆரம்பித்தேன். பார்த்தால், அதில் பாதி உண்மை!

1950களின் இறுதியில் அமெரிக்க உயிரியலாளர் ஃபிராங்க் பிரவுன், சேற்று நத்தைகளை ஒரு குறுகிய வழியாக வெளியே விட்டு, அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று எண்ணினார். அடியில் பலவீனமான காந்தம் வைத்தால் திரும்பும் கோணம் சற்று மாறியது. பலர் நம்பவில்லை. பிரவுன் ஏற்கெனவே கேலிக்கு ஆளானவர். உயிர்களின் தாளம் பற்றிய அவருடைய கணக்குமுறையைக் குத்திக்காட்டி, 1957லேயே லமான்ட் கோல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தற்செயல் எண்களை எடுத்து, அதே மாதிரி கணக்குப்போட்டு, இல்லாத யூனிகார்னுக்கு ஒரு உயிர்க்கடிகாரத்தையே 'கண்டுபிடித்து'க் காட்டினார். லாக் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்தக் கேலி நன்றாகவே உறைத்தது. போதுமான அளவு தேய்த்தால் எந்த இரைச்சலிலும் ஒரு பேட்டர்ன் கிடைக்கும்.

பூமியின் காந்தப்புலம் அவ்வளவு மெலிது. நம் ஊரில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பம்பாயின் கொலாபா ஆய்வகம் 1840களிலிருந்து அதை அளந்துவந்தது. ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அளவுகள் கெட்டுவிடும் என்று 1904இல் அலிபாக்கில் புது ஆய்வகம் தொடங்கினார்கள். இரண்டு இடத்திலும் சிறிது காலம் சேர்த்தே அளந்து ஒப்பிட்ட பிறகுதான் கொலாபாவை விட்டார்கள். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931இலிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அவர்களுடைய பயம் புரிந்தது.

நத்தை விஷயத்திலும் அதே நிதானம்தான் பதில் தந்தது. 1987இல் கென்னத் லோமனும் டென்னிஸ் வில்லோஸும், நத்தையின் ஓடில்லாத உறவினரான டிரைடோனியா என்ற கடல் உயிரியைச் சோதித்தார்கள். பூமியின் புலத்தில் அது கிழக்குப் பக்கம் திரும்பும் போக்கைக் காட்டியது. கம்பிச்சுருள்களால் கிடைமட்டப் புலத்தை ரத்துசெய்ததும் அந்தப் போக்கு போய்விட்டது. 1991இல் நேராக மூளைக்குள்ளேயே போனார்கள். புலத்தின் திசையைத் திருப்பியபோது 'பெடல் 5' என்ற நரம்புசெல்லின் மின்துடிப்பு கூடியது. உடனே அல்ல, சில நிமிடங்கள் கழித்து, மெல்ல மெல்ல.

ஆக, பிரவுன் தேடிய திசையில் ஏதோ இருந்தது. கோலின் கேலியும் வீண்போகவில்லை. அந்தச் சந்தேகம்தான் அடுத்து வந்தவர்களைக் கறாராக இருக்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்தப் பிராணி காந்தத்தை வெச்சு வழி பார்க்குதுப்பா. நம்ம கண்ணு வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி. அதுக்காக முட்டில டார்ச் அடிச்சா வலி போயிடுமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நத்தை நிஜம்தான்?" என்றார்.

"நத்தை நிஜம். பட்டைதான் டவுட்டு."

பட்டையை அவர் இன்னும் கழற்றவில்லை. ஆனால் காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்க ஆரம்பித்திருக்கிறார்.